இதயப்பூக்கொடி ஏன் பூக்கவில்லை?



கீரையும் மிளகாயும் வெண்டையும்தான் செடியா, வாசலுக்கு அழகு தரும் பூச்செடியைப் பற்றியும் பேசக்கூடாதா என்று நம்மைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆகவே இன்று ஒரு பூங்கொடியைப் பற்றிப் பார்ப்போம்.

வெள்ளை நிறத்தில் சிறு இதயம் போன்ற ஓர் உறை. அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் கசிவதுபோல் எட்டிப் பார்க்கும் சிவப்புப் பூ. இப்படிக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கொடியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் இதைப் 'பிளீடிங் ஹார்ட்', அதாவது இரத்தம் கசியும் இதயம், என்பார்கள். தாவர நூலார் வைத்த பெயர் கிளெரோடெண்ட்ரம் தாம்சோனியே. நைஜீரியாவில் சமயப் பணி செய்த தாம்சன் என்பவர், காலமான தம் மனைவியின் நினைவு நிலைக்க வேண்டும் என்று விரும்பினார். அதனால் வந்த பெயர் அது. 1862ஆம் ஆண்டில் பால்ஃபூர் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இக்கொடியைப் பற்றி எழுதி, அப்பெயரைப் பதிவு செய்தார். இந்த உரையில் நாம் இதை இதயப்பூக்கொடி என்றே சொல்லிக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சென்றிருந்தோம். அங்கே ஓர் அம்மையார் தம் வீட்டின் பக்கவாட்டில் நின்ற கொடியைக் காட்டினார். "இது ஆண் கொடி போல இருக்குங்கய்யா. ரெண்டு வருசமா எலை எலையா வருது, ஒரு பூவைக் காணோம். வெட்டிப் போட்டுடலாம்னு பார்த்தா மனசு வரல. பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிக்கிட்டுப் போறப்போ குடுத்தது" என்றார்.

முதலில் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். பப்பாளியில் ஆண் மரம், பெண் மரம் உண்டு. இதயப்பூக்கொடியில் அப்படி இல்லை. ஒவ்வொரு பூவிலும் மகரந்தமும் சூலகமும் சேர்ந்தே இருக்கின்றன. எனவே எந்தக் கொடியும் பூக்கக்கூடியதுதான்.

சீதோஷ்ணத்தையும் குறை சொல்ல முடியாது. இக்கொடியின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் செம்பனையும் அங்கிருந்து வந்ததுதானே! 1917ஆம் ஆண்டு சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் வணிக முறையில் முதன்முதலாக நடப்பட்ட செம்பனை, இன்று நாடெங்கும் தழைத்து நிற்கிறது. அந்த மண்ணின் வெப்பமும் ஈரமும் நம் நாட்டிலும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே ஆங்கிலப் பெயரில் வேறொரு செடியும் உண்டு. அது சைபீரியா, வட சீனா, கொரியா, ஜப்பான் போன்ற குளிர்ப் பகுதிகளுக்கு உரியது; குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறங்கி, வசந்தத்தில் துளிர்ப்பது. நம் வெப்பத்தில் அது தேறாது. படத்தைப் பார்த்து அதன் விதையையோ கிழங்கையோ பணம் கொடுத்து வாங்கி ஏமாற வேண்டாம்.

அப்படியானால் அந்த அம்மையாரின் கொடி ஏன் பூக்கவில்லை? சுற்றிப் பார்த்தோம். காரணங்கள் நான்கு தெரிந்தன.

முதற்காரணம் நிழல். கொடி ரம்புத்தான் மரத்தின் அடியில் நின்றது. நிழலில் இது சாகாது. ஆனால் இலையை மட்டுமே தரும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரமாவது படவேண்டும். உச்சிவெயிலில் சட்டி காய்ந்தால் இலை துவண்டுவிடும். ஆதலால் கிழக்குப் பார்த்த வேலியோரம், அல்லது அஞ்சடியின் விளிம்பு, இதற்கு ஏற்ற இடம்.

இரண்டாவது காரணம் உரம். அம்மையார் மாதந்தோறும் ஒரு கைப்பிடி யூரியா போட்டு வந்தார். அன்பாகச் செய்ததுதான். ஆனால் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. வேறு உரச்சத்து அதில் இல்லை. தழைச்சத்து மிகுந்தால் கொடி இலையையும் தண்டையும் நீட்டிக்கொண்டே போகும். பூக்க நேரமே இராது. பூச்செடிக்குச் சாம்பல்சத்து சற்றுக் கூடுதலாக உள்ள கலப்பு உரமே நல்லது. கடைகளில் 12:12:17:2 என்று எழுதிய நீல நிறக் குருணை உரம் கிடைக்கும். பத்து அங்குலச் சட்டிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி போதும். தண்டை ஒட்டிப் போடாமல், சட்டியின் ஓரமாகத் தூவித் தண்ணீர் ஊற்றுங்கள்.

மூன்றாவது காரணம் ஓயாத ஈரம். பாத்திரம் கழுவிய தண்ணீர் முழுவதும் அந்தக் கொடிக்கே போயிற்று. வளரும் காலத்தில் இதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்பது உண்மை. ஆயினும் வேர் நீரில் ஊறக்கூடாது. விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். செம்மண் களியாக இருந்தால் மணலும் மக்கிய இலையுரமும் கலந்துகொள்ளுங்கள். ஒரு தடவை பூத்து ஓய்ந்தபின் இரண்டு மூன்று வாரங்கள் உரத்தை நிறுத்தி, இலை வாடாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். உழைத்த கொடிக்கு அது ஓய்வு.

நான்காவது காரணமே முக்கியமானது. அம்மையார் கொடியை ஒரு நாளும் வெட்டியதில்லை. பூக்கொத்து வருவது பழைய தண்டில் அன்று. புதிதாக ஓடும் கிளையின் நுனிப்பக்கத்தில். வெட்டாத கொடியில் புதுக் கிளைகள் குறைவு. ஆகவே பூவும் குறைவு. கறிவேப்பிலையை நுனி கிள்ளக் கிள்ள அது புதர்போல் அடர்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கும் அதே கணக்குத்தான். இதன் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நிற்கும். ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் இரண்டு பக்கமும் துளிர் வரும். அவற்றின் நுனியை ஒரு தடவை கிள்ளினால் இரண்டு நான்காகும். நான்கு நுனி என்றால் நான்கு கொத்துக்கு இடம்.

குளிர் நாடுகளில் கண்ணாடிக் கூடங்களுக்குள் இக்கொடியை விற்பனைக்கு வளர்ப்பவர்கள், தண்டு நீளாமல் தடுக்கும் மருந்தைத் தெளித்துக் குட்டையாக வைத்துப் பூக்க வைக்கிறார்கள். நமக்கு அந்த மருந்து தேவையில்லை. கத்தரிக்கோல் போதும். பூத்து முடிந்ததும் கொடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். நெடுநாள் வெட்டாததாக இருந்தால் பாதி வரை வெட்டலாம். பிறகு தண்ணீரும் உரமும் கொடுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் பூவை எதிர்பார்க்கலாம்.

பூத்தபின் சிலர் வேறொரு கவலை சொல்வார்கள்: "சிவப்பு நாலே நாளில் உதிர்ந்துவிட்டதே, நோயோ?" நோயன்று. சிவப்பாக இருப்பதுதான் பூவின் இதழ். வெள்ளையாகத் தெரிவது அதன் புல்லிவட்டம். இதழ் உதிர்ந்தாலும் புல்லிவட்டம் வாரக்கணக்கில் நின்று, மெல்ல ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறும். அதற்குள் கொத்தை வெட்டிவிடாதீர்கள். இலையடியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பியிருந்தால், சவர்க்காரம் சிறிது கரைத்த நீரால் துடைத்துக் கழுவிவிடுங்கள்.

சட்டி இல்லையே என்று தயங்க வேண்டாம். பழைய பிஸ்கட் டின், உடைந்த வாளி எதுவும் ஆகும். அடியில் துளை இருக்க வேண்டும். ஆனால் களைக்கொல்லி மருந்து வந்த டின்னை மட்டும் எடுக்கவே கூடாது. செடிக்கும் கேடு, வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேடு. சட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நிற்கும் நீரை வாரத்துக்கு இரண்டு முறை கொட்டிக் கழுவுங்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர, தேங்கிய சிறிது நீரும் ஒரு வாரமுமே போதும்.

வெட்டியெடுத்த தண்டுகளை எறிந்துவிடாதீர்கள். ஓரளவு முற்றிய தண்டில் இரண்டு மூன்று கணுக்கள் இருக்கும்படி ஆறு அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஒரு கணு புதையும்படி ஊன்றுங்கள். மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால், மூன்று நான்கு வாரங்களில் வேர்விடும். பின்பு மெல்ல மெல்ல வெளிச்சத்துக்குப் பழக்குங்கள்.

அந்த அம்மையாரும் அப்படித்தான் செய்தார். மனமில்லாமல்தான் பாதிக் கொடியை வெட்டினார். அதிலிருந்து ஐந்து துண்டுகளை ஊன்றி, வேர்விட்டவற்றைக் காலை வெயில் படும் வேலியோரம் டின்களில் வைத்தார். யூரியாவை நிறுத்தினார். ஆறு மாதங்களுக்குப் பின் நாம் மீண்டும் சென்றபோது, மரத்தடிக் கொடியில் ஓரிரு கொத்துத்தான். டின்களில் இருந்த மூன்றோ வெள்ளையும் சிவப்புமாக நிறைந்து நின்றன. "அடுத்த வருசம் எனக்கும் வேலை முடியுது. வீட்டைத் திருப்பிக் குடுக்கணும். மண்ணுல நிக்கிறத எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு இருந்தேன். இப்ப டின்னோட கொண்டு போயிடலாங்கய்யா. ஒண்ணு அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு" என்றார்.

நேயர்களே, வீடு நமக்குச் சொந்தமில்லாமல் இருக்கலாம். அதன் வாசலில் நாம் வளர்த்த கொடி நம்முடையது. ஒரு சாண் தண்டு இருந்தால் அது போகுமிடமெல்லாம் கூடவே வரும். உங்கள் வீட்டுக் கொடியும் பூக்காமல் நின்றால் அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். வெளிச்சம் கொடுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், ஓய்வு கொடுங்கள், துணிந்து வெட்டுங்கள். வெட்டியதில் ஒரு துண்டை அடுத்த வீட்டுக்கும் கொடுங்கள்.