மலையகத்திற் காமன் கூத்து

பழங்கதைகள் ஏட்டில் வாழ்வதுண்டு. மக்களின் நாவிலும் ஆட்டத்திலும் வாழ்வதுமுண்டு. சிவபெருமான் மன்மதனை எரித்த கதை தமிழரிடையே இவ்விரு வகையாலும் நிலைபெற்றுள்ளது. கச்சியப்ப சிவாசாரியர் அதனைக் கந்தபுராணத்திற் பாடினார். நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் அதுவே காமன் கூத்தாக ஆடப்பட்டு வருகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிலாளராக வந்தோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தோராவர். அவர்களுட் பெரும்பாலார்க்குக் கல்வி கற்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஆயினும் சொந்த ஊரிற் கண்ட கூத்துக்களை அவர்கள் நினைவிற் சுமந்து வந்தனர். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் மூன்றும் அவற்றுட் சிறப்புடையன.

மாசி மாதத்து அமாவாசை கழிந்ததும் கம்பம் நட்டுக் காமன் கூத்துத் தொடங்கப்பெறும். வேடம் புனைந்த மன்மதனும் இரதியும் லயங்களின் வாயில்தோறும் ஆடி வருவர். இரதி வேடமும் ஆடவருக்கே உரியது. பௌர்ணமியை ஒட்டிய இரவில் மன்மதன் எரியுண்ணும் காட்சி நிகழும். விடியற்காலையிற் பெரட்டுக்குத் தொழிலாளரை அழைத்த தப்பே இக்கூத்துக்கும் முழங்கியது. வேலைக்கு எழுப்பிய ஓசையே விழாவுக்கும் ஓசையாயிற்று.

புராணத்தோடு ஒப்புநோக்குமிடத்து, கூத்தின் தனித்தன்மை தெளிவாகும். புராணத்திற் பிரமதேவனின் சாபத்துக்கு அஞ்சிய மன்மதன் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் செல்கின்றான். கூத்திலோ தேவரின் ஓலை வந்ததும் இரதி கணவனைப் போகவேண்டாமெனத் தடுக்கின்றாள். அவ்விருவரின் வாதமே கூத்தின் உயிர்நிலை எனலாம். மேலோரின் காரியத்துக்காக ஏவப்பட்டவன் எரிகின்றான். அவன் மனைவி புலம்புகின்றாள். பிறரின் ஆதாயத்துக்காகக் கடல் கடந்து வந்து, காடழித்துத் தோட்டமாக்கி, நோயாலும் குளிராலும் உறவினரைப் பறிகொடுத்த சமுதாயம் அப்புலம்பலிற் தன் துயரையும் கேட்டிருத்தல் இயல்பே. ஈற்றில் மன்மதன் உயிர்பெறுதல் அம்மக்களுக்கு ஆறுதலாகும்.

இக்கூத்தைத் தாங்கிய சமுதாயம் இருபதாம் நூற்றாண்டிற் சிதறடிக்கப்பட்டது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலார் நாடற்றோராயினர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதெனவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974 ஆம் ஆண்டிலேயே முடிவு செய்யப்பட்டது. தலைமன்னாரிற் கப்பலேறியோர் தொழிலாளர் மட்டுமல்லர். தப்படிப்போரும் வேடம் புனைவோரும் பாட்டறிந்த முதியோரும் அவர்களுள் இருந்தனர்.

இவ்விடத்து அயர்லாந்தின் மேற்குக் கரையை நினைத்தல் பயனுடைத்து. அங்குப் பெரிய பிளாஸ்கெட் தீவிற் பலகாலம் வாழ்ந்த பெய்க் சேயர்ஸ் என்னும் மூதாட்டி கேலிக் மொழிக் கதைகளை ஏராளமாகக் கூறவல்லவர். 1935 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணைக்குழுவினர் அவர் கூறியவற்றைப் பதிவுசெய்தனர். 1953 ஆம் ஆண்டில் அத்தீவு மக்களற்றதாயினும் கதைகள் அழியவில்லை. ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதினால் கதை நிற்கும். காமன் கூத்தின் நிலை வேறு. அதற்கு ஆடுவோரும் பாடுவோரும் தப்படிப்போரும் வேண்டும். வாயிலில் நின்று வரவேற்கும் லயங்களும் வேண்டும்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 ஆம் ஆண்டில் வெளிவந்தது. தோட்ட மக்களின் வாய்மொழியைக் காத்த அரும்பணி அது. எனினும் பாடலை எழுதிவைத்தல் மட்டும் கூத்தைக் காவாது. தாளம், ஆட்டம், ஒப்பனை, பாத்திரங்களின் வாதம் ஆகிய அனைத்தும் ஒருங்கே பதிவுபெறல் வேண்டும். அதனினும் மேலாக, இளைஞர் அதனை முதியோரிடம் பயின்று ஆடுதல் வேண்டும். கந்தபுராணத்துக்கு ஏடும் உரையும் காவல். காமன் கூத்துக்கோ அதனை ஆடும் மக்களே காவல்.