நூலக அறிவியல்: புத்தகத்துக்கு சீல் குத்தவா ஒரு பட்டம்?



பிளஸ் டூ முடிவு வெளியாகும் மாதத்தில் வள்ளியூர், ஏர்வாடி, பணகுடி வட்டாரத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். இன்ஜினியரிங்கா, நர்சிங்கா, பி.காமா? மூன்று வருடம் கழித்து, பட்டம் வாங்கிய பிள்ளையை வைத்துக்கொண்டு அதே பேச்சு மறுபடியும் தொடங்கும். பி.எட். சேர்க்கலாமா, எம்.ஏ. படிக்கட்டுமா? இந்தப் பட்டியலில் நூலக அறிவியல் வருவதே இல்லை. யாராவது எடுத்துச் சொன்னாலும், "புத்தகத்தை எடுத்துக் கொடுத்து சீல் குத்துறதுக்கு ஒரு படிப்பா?" என்று வாப்பாமார் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சீல் குத்துவதற்குப் பட்டம் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு லட்சம் புத்தகம் உள்ள இடத்தில், ஒருவர் கேட்கும் ஒரு புத்தகத்தை இரண்டு நிமிடத்தில் அவர் கையில் கொடுக்க வேண்டுமென்றால் அதற்குப் படிப்பு தேவை. கேட்பவருக்குத் தனக்கு எந்தப் புத்தகம் வேண்டும் என்றே தெரியாதபோது, அதையும் பேசிப் பேசிக் கண்டுபிடித்துக் கொடுக்க அதைவிட அதிகமாகப் படித்திருக்க வேண்டும். அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள், நம் பிள்ளைகளுக்கும் நம் சமுதாயத்துக்கும் அது எப்படிப் பயன்படும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நம் மண்ணில் வளர்ந்த படிப்பு

இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த வேலை அவருக்குச் சில நாட்களிலேயே சலித்துப்போனது. பழையபடி வகுப்பறைக்கே திரும்ப விரும்பினார். அதற்குள் பயிற்சிக்காக லண்டன் அனுப்பப்பட்டார். அங்கே நூலகங்கள் தொழிலாளிகளுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணி செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகு அவர் மனம் மாறியது. ஊர் திரும்பியவர் கடைசிவரை இந்தத் துறையை விடவில்லை.

1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சங்கம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தியது. 1931இல் அந்த வகுப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1937இல் அது ஓராண்டு பட்டயப் படிப்பானது. ரங்கநாதனும் அவரோடு உழைத்தவர்களும் எடுத்த முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வசூலிக்கப்படுவது அந்தச் சட்டத்தால்தான். ஊர் நூலகத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காதவரும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

முதல் பாடம்: ஐந்து விதிகள்

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளைப் படிக்காமல் உலகில் எந்த நாட்டிலும் நூலகப் பட்டம் வாங்குவது கடினம். அவற்றின் கருத்தை எளிமையாகச் சொல்லலாம். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு. எந்த வாசகராக இருந்தாலும் அவருக்குரிய புத்தகம் அவருக்குக் கிடைக்க வேண்டும். எந்தப் புத்தகமாக இருந்தாலும் அதற்குரிய வாசகரிடம் அது போய்ச் சேர வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் போன்றது.

கேட்பதற்கு மிகச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் நம் பள்ளிவாசல் அலமாரியை ஒருமுறை நினைத்துப் பார்ப்போம். கண்ணாடிக் கதவு, பூட்டு. சாவி முத்தவல்லியிடம் இருக்கும், அவர் கடைக்குப் போயிருப்பார். உள்ளே தஃப்ஸீர் எத்தனை பாகம் இருக்கிறது, எத்தனை காணாமல் போனது என்பது யாருக்கும் தெரியாது. பெண்களுக்கு அந்த அலமாரி இருப்பதே தெரியாது. ஐந்து விதிகளில் எத்தனை அங்கே மீறப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

வகுப்பறையில் கற்பவை

அடுத்த பாடம் பகுப்பு. ஒரு புத்தகம் எதைப் பற்றியது என்று முடிவு செய்து, அதற்கு ஓர் எண் கொடுத்து, அதே பொருளில் உள்ள மற்றப் புத்தகங்களின் பக்கத்தில் வைப்பது. அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறைதான் உலகில் அதிகமாகப் பயன்படுகிறது. அதில் அறிவு முழுவதும் பத்துப் பிரிவுகளாக உள்ளது. தமிழ் இலக்கியம் 894.811. இஸ்லாம் 297. திருக்குர்ஆன் 297.122.

இந்த இடத்தில் மாணவர்கள் இன்னொன்றையும் கற்கிறார்கள். சமயங்களுக்கான 200ஆம் பிரிவில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவத்துக்கே ஒதுக்கப்பட்டது. இஸ்லாத்துக்குக் கிடைத்தது 297 என்ற ஒரே எண். பகுத்தவர் வாழ்ந்த ஊரும் காலமும் பகுப்பிலும் தெரிகின்றன. உலக அறிவை யார் அடுக்குகிறார்களோ அவர்கள் பார்வையில்தான் அது அடுக்கப்படும். நம்மவர்களும் இந்தத் துறைக்குள் போக வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

பகுப்புக்கு அடுத்து பட்டியல் தயாரித்தல். முகமது, முகம்மது, முஹம்மத், மொஹமத் என்று ஒரே பெயரை நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஒரே ஆசிரியரின் நான்கு புத்தகங்களில் பெயர் நான்கு விதமாக அச்சாகியிருந்தால், கணினியில் தேடுபவருக்கு ஒன்று கிடைக்கும், மூன்று கிடைக்காது. எப்படி எழுதியிருந்தாலும் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று பதிவு செய்து, எல்லாவற்றையும் ஓரிடத்தில் இணைப்பது பட்டியலாளரின் வேலை. ஆதார் அட்டையில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறொரு பெயர் என்று அலைந்த குடும்பங்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, தேடித் தரும் கலை. வாசகர் கேட்கும் கேள்வியும் அவருக்கு உண்மையில் தேவைப்படுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. "சட்டப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டு வருபவருக்குத் தேவை வக்ஃபு நிலம் பற்றிய ஒரு விவரமாக இருக்கலாம். பக்குவமாக நாலு கேள்வி கேட்டு அதை அறிந்து, நம்பத்தக்க ஆதாரத்தை எடுத்துக் கொடுக்கப் பயிற்சி தருகிறார்கள். எந்தத் தகவலை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சோதிக்கும் முறையும் இதில் அடக்கம்.

நான்காவது, கணினி. இன்று நூலக வேலையில் பெரும்பகுதி கணினியில்தான் நடக்கிறது. நியூசிலாந்தில் உருவாகி 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்ற மென்பொருளை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். இந்தியக் கல்லூரிகள் பலவும் அதில்தான் இயங்குகின்றன. மின்னூலகம் அமைத்தல், ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி வைத்தல், தரவுத்தளங்களில் தேடுதல் ஆகியவையும் பாடத்தில் உண்டு. இவற்றுடன் வரவு செலவு, இருப்புச் சரிபார்ப்பு போன்ற நிர்வாகப் பாடங்களும், கரையான், ராமபாணப் பூச்சி, ஈரம் ஆகியவற்றிலிருந்து ஏடுகளைக் காப்பாற்றும் முறையும் இருக்கின்றன.

நம் முன்னோர் அறிந்த கலை

முதல் வஹீயே ஓதுவதையும் எழுதுகோலையும் பற்றிப் பேசியது என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமைக்கு ஏற்ப உழைத்தவர்களும் நம்மிடம் இருந்தார்கள். பக்தாத் நகரில் புத்தகத் தொழில் செய்த இப்னு நதீம், தம் காலம்வரை அரபு மொழியில் கிடைத்த நூல்களையெல்லாம் திரட்டி, ஆசிரியர் வாரியாகவும் பொருள் வாரியாகவும் 987இல் ஒரு பட்டியல் எழுதினார். 'அல் ஃபிஹ்ரிஸ்த்' என்பது அதன் பெயர். அதில் குறிக்கப்பட்ட நூல்கள் பல இன்று உலகில் இல்லை. அவை இருந்தன என்று நமக்குத் தெரிவதே அந்தப் பட்டியலால்தான்.

ஹதீஸ் கலையும் அப்படித்தான். ஒரு செய்தி வந்தால், இதை யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார், அவர் நம்பத்தக்கவரா என்று சங்கிலித் தொடராக விசாரித்தவர்கள் நம் இமாம்கள். இன்று வாட்ஸ்அப்பில் வருவதை விசாரிக்காமல் பத்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். ஆதாரத்தைச் சோதிக்கும் பழக்கத்தை நூலகத் துறை மாணவர்கள் பாடமாகவே படிக்கிறார்கள். நாம் விட்டதை அவர்கள் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பாட்னாவைச் சேர்ந்த வழக்கறிஞர் குதா பக்ஷ், தம் தந்தை விட்டுச்சென்ற சுமார் 1400 கையெழுத்துப் பிரதிகளை ஏறத்தாழ 4000ஆகப் பெருக்கி, 1891இல் மக்களுக்கே கொடுத்துவிட்டார். அந்த நூலகத்தை 1969இல் நாடாளுமன்றம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. ஒரு குடும்பத்தின் சேகரிப்பு நாட்டின் சொத்தானது.

நம் தென்பகுதியில் என்ன நிலை? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் அரபுத்தமிழில் எழுதப்பட்ட கிதாபுகள் எத்தனையோ வீடுகளில் இருந்தன. பரணில் கிடந்த பெட்டியைத் திறந்தபோது தூளாக உதிர்ந்தவையும் உண்டு. பழைய பேப்பர் என்று எடைக்குப் போனவையும் உண்டு. காப்பாற்ற நினைத்து லேமினேஷன் செய்து கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். சூடும் பசையும் பழைய தாளுக்குப் பகை என்பது அவர்களுக்குத் தெரியாது. அரபு எழுத்தும் தமிழ் மொழியும் தெரிந்த ஒரு பிள்ளை நூலக அறிவியலும் படித்தால், இந்தச் செல்வத்தைப் பட்டியலிட்டு, படியெடுத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும். மதரஸாவில் ஓதிவிட்டுப் பட்டமும் பெற்ற பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். வேறு யாரையும்விட அவர்களுக்கே இந்த வேலை இயல்பாகப் பொருந்தும்.

யார் படிக்கலாம், எங்கே படிக்கலாம்?

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் ஓராண்டு பி.எல்.ஐ.எஸ். படிப்பில் சேரலாம். அதன் பிறகு ஓராண்டில் எம்.எல்.ஐ.எஸ். முடிக்கலாம். சில பல்கலைக்கழகங்களில் இரண்டையும் சேர்த்து இரண்டாண்டு முதுகலையாகவே நடத்துகிறார்கள். நமக்கு அருகில், அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இத்துறை இருக்கிறது. காரைக்குடி அழகப்பா, அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. வீட்டிலிருந்தபடி படிக்க விரும்புவோருக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. திருமணம் முடிந்து படிப்பை நிறுத்திய பெண்களுக்கு இது நல்ல வாய்ப்பு. சேருவதற்கு முன் அந்த ஆண்டு படிப்பு நடக்கிறதா, அங்கீகாரம் இருக்கிறதா என்று நேரில் விசாரித்துக்கொள்வது அவசியம்.

வேலை விஷயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். பொது நூலகப் பணிகளுக்கும் அரசு அலுவலக நூலகப் பணிகளுக்கும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. ஆனால் ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று நம்பி உட்காரக் கூடாது. கல்லூரி நூலகராக முதுகலையில் 55 சதவீத மதிப்பெண்ணும், நெட் தேர்வில் தேர்ச்சியும் அல்லது முனைவர் பட்டமும் தேவை. யு.ஜி.சி. விதிப்படி அந்தப் பணியின் தொடக்க ஊதியம் உதவிப் பேராசிரியருக்கு இணையானது. சுயநிதிக் கல்லூரிகளிலும் தனியார் பள்ளிகளிலும் சம்பளம் குறைவாகவே இருக்கிறது. அதே நேரத்தில் ஆய்வு நிறுவனங்கள், மருத்துவமனைகள், பதிப்பகங்கள், செய்தி நிறுவனங்கள், மின்னூலகத் திட்டங்கள் என்று வாய்ப்புள்ள இடங்கள் விரிந்திருக்கின்றன. பட்டத்தோடு கோஹாவையும் தமிழ் ஒருங்குறித் தட்டச்சையும் நன்றாகக் கற்றவர்களுக்கு வழி பிறக்கிறது. பட்டச் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதாகிறது.

ஊரில் இன்றே தொடங்கலாம்

பட்டம் வாங்கிய பிள்ளை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிவாசல் அலமாரியைத் திறந்து, இருக்கும் புத்தகங்களை ஒரு நோட்டில் எழுதலாம். வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, பொருள், வாங்கிய அல்லது அன்பளிப்பாக வந்த தேதி ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். யார் எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்பதற்கு இன்னொரு நோட்டு. வாரத்தில் ஒரு நாள் பெண்களும் குழந்தைகளும் எடுத்துப் போக ஏற்பாடு செய்யலாம். 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். நமக்கு ஒரு பைக்கும் ஒரு பையும் இருந்தாலே போதும்.

இதைச் செய்யும்போது, புத்தகத்தை அடுக்குவதிலும் கேட்டவருக்குத் தேடிக் கொடுப்பதிலும் தானாக முன்வந்து ஆர்வம் காட்டும் பிள்ளை ஒன்று நிச்சயம் கண்ணில் படும். அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் நூலக அறிவியல் பற்றி எடுத்துச் சொல்வோம். இந்தமுறை அவர் சிரிக்க மாட்டார், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, அதை மற்றவர்களுக்குக் கொண்டுசேர்க்கும் நற்பேற்றையும் தந்தருள்வானாக. ஆமீன்.