தாய் விழுங்கிய மாத்திரை: 20 வருஷம் கழித்து மகளுக்குப் புற்று நோய்!

குழந்தை நல்லபடியாகப் பிறக்கணுமே என்று தாய் விழுங்கிய மாத்திரை, அந்தக் குழந்தை குமரியான பிறகு தன் வேலையைக் காட்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வெளியான சங்கதி இது.

விவரம் வருமாறு:-

1966 முதல் 1969 வரை பாஸ்டன் டாக்டர்களிடம் 8 இளம்பெண்கள் சிகிச்சைக்கு வந்தனர். வயது 15 முதல் 22-க்குள். எல்லோருக்கும் பிறப்பு உறுப்பில் புற்று நோய்! அந்த வயதில் மிக மிக அபூர்வமான நோய். டாக்டர்கள் தலையைப் பிய்த்துக் கொண்டனர்.

துப்பு கொடுத்த தாய்

அந்தப் பெண்களில் ஒருத்தியின் தாய்தான் துப்பு கொடுத்தாள். மகள் வயிற்றில் இருந்தபோது தான் சாப்பிட்ட மாத்திரையால் இருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டாள். மற்ற தாய்மார்களையும் விசாரித்தார்கள். 8 பேரில் 7 பேர் அதே மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார்கள்! நோய் இல்லாத 32 பெண்களின் தாய்மாரைக் கேட்டதில் ஒருத்திகூட அதைத் தொடவில்லை.

குட்டு உடைந்தது. டாக்டர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர் 1971 ஏப்ரலில் இதை வெளியிட்டனர். அதே ஆண்டு நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க சர்க்கார் டாக்டர்களை எச்சரித்தது.

அது "டி.இ.எஸ்." என்ற மாத்திரை. பெண்களின் உடலில் ஊறும் ஹார்மோனைப் போல 1938-ல் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் செயற்கையாகச் செய்தது. விலை மலிவு. கரு கலையாது என்று சொல்லி லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள்.

கரு கலையாமல் தடுத்ததா? அதுவும் இல்லை! 1953-லேயே சிகாகோவில் சுமார் 1,600 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். கரு கலைவது துளியும் குறையவில்லை. அப்படியும் 18 வருஷம் எழுதிக் கொடுத்தார்கள். என்ன சொல்வது!

பேத்தி வரை

புற்று நோய் வந்தது ஆயிரம் மகள்களில் சுமார் ஒருத்திக்குத்தான். ஆனால், பலருக்குக் கர்ப்பப்பையின் வடிவமே மாறிவிட்டது. கரு தங்கவில்லை, தங்கினாலும் குறைப்பிரசவம். தாய்க்குக் கரு நிலைக்கக் கொடுத்த மருந்து, மகளின் கருவைக் கலைத்தது. மகன்களில் சிலருக்கு விதை இறங்கவில்லை.

அடுத்து பேரப் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். பேத்திகளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வர அதிக நாள் பிடிப்பதாக 2006-ல் ஓர் ஆய்வு கூறியது.

விஷயம் தெரிந்ததும் மகள்கள் தாய்மாரிடம் ஓடினார்கள். அம்மா, அந்த மாத்திரையை நீ சாப்பிட்டாயா? பலருக்கு ஞாபகம் இல்லை. பழைய சீட்டைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே எத்தனையோ சீட்டுகளைக் கிழித்துப் போட்டு வருஷக் கணக்காகி இருந்தது.