ஆஷுக்கு எந்தத் தெருவில் இடம்?

1995 ஜூலை 17 அன்று மாலை கூடிய ரிச்மண்ட் மாநகர மன்றம், நள்ளிரவைத் தாண்டியும் கலையவில்லை. பேச வந்தவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான அந்த ஊரில் பிறந்து உலகப் புகழ் பெற்ற டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷுக்குச் சிலை வைப்பதில் பெரிய தகராறு இல்லை. எங்கே வைப்பது என்பதில்தான் ஊரே இரண்டுபட்டது.

முன்மொழியப்பட்ட இடம், மான்யுமென்ட் அவென்யூ. அடிமை முறையைக் காக்க 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடத்திய தென்மாநிலக் கூட்டமைப்புக்கு ரிச்மண்ட்தான் தலைநகர். அதன் தளபதி ராபர்ட் லீக்கு 1890-ல் அந்தச் சாலையில் சிலை எழுந்தது. ஸ்டூவர்ட், ஜெஃபர்சன் டேவிஸ், ஸ்டோன்வால் ஜாக்சன், மோரி என்று 1929-க்குள் மேலும் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள்.

அந்த வரிசையில் ஒரு கறுப்பரா என்று வெள்ளையர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். சாலையின் வரலாற்று ஒருமை கெட்டுவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். கறுப்பர்களிலும் பலர் தயங்கினார்கள். அடிமை முறைக்காகப் போரிட்டவர்களின் பக்கத்தில் எங்கள் ஆஷ் ஏன் நிற்க வேண்டும், எங்கள் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வையுங்கள் என்றார்கள். இந்த இரண்டாவது தயக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆஷின் மனைவியே பின்னர் அந்த இடம் வேண்டாம் என்று எழுதினார். ஆனால் அன்றைய கூட்டத்தின் முடிவில் மன்றம் மான்யுமென்ட் அவென்யூவையே தேர்ந்தெடுத்திருந்தது.

ஆஷ் 1943-ல் பிறந்தவர். கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட புரூக்ஃபீல்டு பூங்காவின் காவலாளி அவருடைய அப்பா. பூங்காவுக்குள்ளேயே வீடு என்பதால் டென்னிஸ் மைதானம் வாசலிலேயே இருந்தது. ஆனால் ஊரின் நல்ல மைதானங்கள் இருந்த பேர்ட் பூங்காவில் வெள்ளையர் மட்டுமே ஆடலாம். பள்ளியின் கடைசி ஆண்டில் அவர் ஊரை விட்டே போய் செயின்ட் லூயிஸில் படித்தார். 1968-ல் அமெரிக்க ஓபன், 1970-ல் ஆஸ்திரேலிய ஓபன், 1975-ல் ஜிம்மி கானர்ஸை வீழ்த்தி விம்பிள்டன் என்று மூன்று பெரிய பட்டங்களை வென்றார். இதய அறுவைச் சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தால் எச்ஐவி தொற்றி, 1993-ல் காலமானார். அவருடைய உடல் ஆளுநர் மாளிகையில் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே அந்த மரியாதை பெற்றவர், 1863-ல் இறந்த ஸ்டோன்வால் ஜாக்சன்!

சிற்பி பால் டிபாஸ்குவாலே வடித்த அந்த வெண்கலச் சிலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கோப்பை இல்லை, பந்தை ஓங்கி அடிக்கும் ஆவேசமும் இல்லை. பயிற்சி உடையில் நிற்கும் ஆஷின் ஒரு கையில் மட்டை, மறு கையில் புத்தகங்கள். மட்டையைவிடப் புத்தகங்களே உயரத்தில் இருக்கின்றன. கீழே நான்கு குழந்தைகள் அவரை நோக்கிக் கைகளை நீட்டுகிறார்கள். கறுப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதியவருக்கு இதைவிடப் பொருத்தமான தோற்றம் கிடையாது. வெறும் ஆட்டக்காரராக மட்டும் காட்டியிருந்தால் பாதி ஆஷ்தான் கிடைத்திருப்பார். 1996 ஜூலை 10-ல், அவருடைய பிறந்தநாளன்று, சிலை திறக்கப்பட்டது.

மன்றம் அத்தோடு நிற்கவில்லை. பேர்ட் பூங்காவை ஒட்டிச் செல்லும் பெரிய சாலைக்கு 2019-ல் ஆஷின் பெயரைச் சூட்டியது.

அடுத்த ஆண்டு, ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டதும் நாடெங்கும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். டேவிஸ் சிலையைப் போராட்டக்காரர்களே சாய்த்தார்கள். ஜாக்சன், மோரி, ஸ்டூவர்ட் சிலைகளை மாநகராட்சி இறக்கியது. மாநில அரசின் வசமிருந்த லீ சிலை, வழக்குகள் முடிந்து 2021 செப்டம்பரில் இறங்கியது. ஆஷ் அதே இடத்தில் நிற்கிறார். இறக்கிய சிலைகளை என்ன செய்வது என்ற கேள்வியும் மன்றத்திடமே வந்தது. வர்ஜீனியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்திடம் அவற்றை ஒப்படைக்க 2022 ஜனவரியில் அது ஒப்புதல் அளித்தது.