தரை தட்டிய கப்பலின் தலைவர்

1942-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். சென்னைப் பட்டணம் காலியாகிக் கொண்டிருந்தது. ஜப்பானியர் வரப் போகிறார்கள் என்று எங்கும் பேச்சு. சர்க்காரே மக்களை வெளியேறச் சொல்லிவிட்டு, தன் அலுவலகங்கள் பலவற்றையும் உள்நாட்டுக்கு மாற்றியது. அரியலூரோ பெரம்பலூரோ, கடல் இல்லாத ஊராக இருந்தால் போதும் என்ற நிலைமை.

அந்த நாளில் ஜப்பானியரை எதிர்பார்த்துக் கொழும்பில் காத்திருந்தவர் அட்மிரல் ஜெப்ரி லேட்டன். இரண்டு உலக யுத்தங்களிலும் அடிபட்டவர்.

1884-ல் லிவர்பூலில் பிறந்த லேட்டன், 1915 ஆகஸ்டில் 'இ-13' என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர். பால்டிக் கடலுக்குப் போகும் வழியில் திசைகாட்டும் கருவி கெட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த சால்ட்ஹோம் தீவருகே கப்பல் தரை தட்டி நின்றது. நகரவும் முடியாது, மூழ்கவும் ஆழமில்லை. நடுநிலை நாட்டுக் கடல் என்றும் பாராமல் ஜெர்மன் டார்பிடோ படகுகள் வந்து சுட்டுத் தள்ளின. டென்மார்க் கப்பல் ஒன்று குறுக்கே வந்து நின்ற பிறகே சூடு ஓய்ந்தது. 15 பேர் மாண்டார்கள். 15 பேர் மிஞ்சினார்கள்.

மிஞ்சியவர்களை டென்மார்க் காவலில் வைத்தது. "தப்பி ஓட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தால் சற்றுத் தாராளமாக இருக்கலாம். லேட்டன் கொடுக்கவில்லை. கொடுக்காத வாக்கை மீறவும் வேண்டியதில்லை அல்லவா? சில மாதங்களில் காவலருக்கு டிமிக்கி கொடுத்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்!

மறுபடியும் அழைப்பு

1941 டிசம்பரில் சிங்கப்பூரில் தன் பொறுப்பை அட்மிரல் பிலிப்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, தாய்நாடு போகக் கப்பல் ஏறினார். 10-ந் தேதி 'பிரின்ஸ் ஆப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பிலிப்ஸும் இறந்தார். ஊருக்குப் புறப்பட்டவரைத் திரும்ப அழைத்தார்கள்.

1942 மார்ச்சில் அவர் இலங்கையின் தலைமைத் தளபதி. கவர்னரும் அவர் சொற்படி நடக்க வேண்டும் என்று உத்தரவு. கொழும்புக் குதிரைப் பந்தய மைதானம் விமானத் தளமாயிற்று. துறைமுகங்களில் முடங்கிக் கிடந்த கப்பல்களில் பெரும்பாலானவை கடலுக்கு அனுப்பப்பட்டன. நின்ற கப்பலின் கதி என்ன என்பது லேட்டனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு வீச்சு. துறைமுகம் பாதி காலியாக இருந்ததால் சேதம் குறைந்தது. ஆனால் வெளியே இருந்த 'டார்செட்ஷயர்', 'கார்ன்வால்' குரூசர்கள் நடுக்கடலில் சிக்கின. 424 பேர் பலி. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன.

9-ந் தேதி திருகோணமலை. முதல் நாள் இரவே அங்கிருந்து 'ஹெர்மிஸ்' வெளியேறியிருந்தது. விமானம் தாங்கிக் கப்பல்தான். ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை! துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 307 பேர் மாண்டார்கள். துறைமுகத்திலேயே நின்றிருந்தால் பிழைத்திருக்குமா? அங்கும் குண்டுகள்தானே விழுந்தன! கப்பலை அனுப்பியது தவறல்ல. காக்க விமானம் இல்லாமல் அனுப்பியதுதான் தவறு.

ஜப்பானியப் படை அத்துடன் திரும்பிப் போயிற்று. ஜூன் மாதம் மிட்வேயில் அதன் நான்கு பெரிய விமானம் தாங்கிகள் அழிந்தன. சென்னையை விட்டுப் போனவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். யுத்தத்துக்குப் பின் போர்ட்ஸ்மவுத் தளபதியாக இருந்து 1947-ல் ஓய்வு பெற்ற லேட்டன், 1964-ல் காலமானார். 'ஹெர்மிஸ்' இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது.