செம்மரம் சேர்த்து வைத்த இருப்பு

திருப்பதிக்கு வந்துபோன நம் பாட்டிமார் வாங்கிச் சென்ற மரப்பாச்சி பொம்மைகளில் பல செம்மரத்தில் செதுக்கியவை. அதைக் கல்லில் இழைத்துக் குழந்தைக்குப் பற்றுப் போடுவார்கள். "மரத்துக்குள்ள இந்தச் சிவப்பு எப்படி தாத்தா வந்துச்சு?" என்று என் பேத்தி ஒருநாள் கேட்டாள். வியாபாரியான நான் எனக்குத் தெரிந்த பாஷையில், "அது மரத்தோட இருப்புச் சரக்கும்மா" என்றேன்.

அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வெளிவட்டம் வெளுப்பாகவும் உள்வட்டம் கருஞ்சிவப்பாகவும் தெரியும். வெளிவட்டத்தின் உயிருள்ள செல்களில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கும். வயது ஏற ஏற உள்பக்கத்துச் செல்கள் மடியும். மடியுமுன் அந்தச் சேமிப்பைச் செலவழித்து சாண்டலின் முதலிய சாயப்பொருள்களை உண்டாக்கி விட்டுச் செல்லும். இதையே வைரம் பாய்ந்த மரம் என்கிறோம். பூச்சியும் பூஞ்சையும் எளிதில் அண்டாது. கட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும்.

இன்னொரு சரக்கும் உண்டு. மெல்லிய சீவலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், வரிசையான சிற்றறைகளில் அறைக்கு ஒன்றாகப் படிகங்கள் தெரியும். அவை கால்சியம் ஆக்சலேட். வேர் உறிஞ்சிய சுண்ணாம்புச் சத்தில் மிகுதியை மரம் இப்படிக் கட்டி ஒதுக்கி வைக்கிறது. கருணைக்கிழங்கு நாக்கை அரிப்பதும் ஊசி வடிவிலுள்ள இதே பொருளால்தான். சமணராகிய எங்கள் வீட்டில் கிழங்கு சமைப்பதில்லை. அரிப்பு எனக்குக் கேள்வி ஞானம்தான்!

இந்த இருப்பு சேரப் பல பத்தாண்டுகள் ஆகும். இளங்கன்றில் வைரம் ஏது? இம்மரம் இயற்கையாக வளர்வதும் பெரும்பாலும் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா போன்ற தென் ஆந்திர மலைகளில் மட்டுமே. 1995 முதல் சைட்டிஸ் என்னும் சர்வதேச வாணிப ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு இருந்தும் கள்ளச் சந்தை ஓயவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று, அப்போதைய சித்தூர் மாவட்டத்துச் சந்திரகிரிக்கு அருகே, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டார் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை மாவட்டத்தாரும் அவர்களில் இருந்தனர். என் முன்னோரும் அந்த மாவட்டத்து வந்தவாசிப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள்தாம். அன்று கடை திறக்க மனசே வரல. கோடாலி பிடித்தவனுக்குக் கிடைத்தது கூலி. லாபம் வேறெங்கோ போனது.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஊர்ப்பக்கம் போகும்போது, "நல்ல கூலி" என்று அழைக்கும் தரகரிடம் என்ன வேலை, எந்த இடம் என்று கேட்கச் சொல்லுங்கள். மரம் ஓரறிவுயிர், மனிதன் ஆறறிவுயிர். இரண்டையும் காப்பது ஒரே அறம்.