பீட்டர் ஏரியும் பால் ஏரியும்

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் எல்லையில் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக ஏறத்தாழ 7,500 ஏக்கர் காடு உள்ளது. பனியூழியில் பனிப்பாறைகள் விட்டுப்போன பள்ளங்களில் நீர் தேங்கி உருவான சுமார் 30 ஏரிகள் அதற்குள் இருக்கின்றன. கோடைதோறும் இளநிலை மாணவர்கள் இங்கே தங்கி ஏறக்குறைய 10 வாரம் களப்பயிற்சி பெறுகிறார்கள். பறவை, பாலூட்டி, பூச்சி, காடு, ஏரி என்று பாடம் நடக்கும். அதோடு ஒவ்வொருவரும் ஒரு கேள்வியைத் தாமே எடுத்துக்கொண்டு ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும்.

இந்தக் காட்டை ஏரியியல் பாடநூல்களில் இடம்பெறச் செய்தவை இரண்டு சிறிய ஏரிகள். முன்பு அவை நடுவில் இடுங்கிய ஒரே ஏரியாக இருந்தன. 1951இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஹாஸ்லரும் அவருடைய மாணவர்களும் குறுக்கே மண்கரை போட்டு அதைப் பிரித்தார்கள். ஒரு பக்கம் பீட்டர், மறுபக்கம் பால். காட்டில் மக்கும் இலைகளின் சாறு இறங்கி, தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் கிடந்தது. சுண்ணாம்பு போட்டால் அது தெளியுமா, ட்ரவுட் மீன் செழிக்குமா என்று அறிய விரும்பினார்கள். பீட்டரில் சுண்ணாம்பு இட்டார்கள். பாலைத் தொடவே இல்லை. பீட்டரின் நீர் தெளிந்தது. ஆனால் நிலைத்த பயன், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஏரியை அப்படியே விட்டுவைக்கும் அந்த முறைதான். ஆய்வகத் தொட்டியில் கேட்க முடியாத கேள்விகளை அதன்பின் முழு ஏரியிடமே கேட்க முடிந்தது.

அப்படி ஒரு கேள்வியை 1985இல் ஸ்டீபன் கார்ப்பென்டர், ஜேம்ஸ் கிட்செல் ஆகியோரின் குழு எழுப்பியது. பீட்டரிலிருந்த பெருவாய் பாஸ் மீன்களைப் பக்கத்திலுள்ள டியூஸ்டே ஏரிக்கும், அங்கிருந்த கெண்டை இனச் சிறுமீன்களைப் பீட்டருக்கும் மாற்றினார்கள். டியூஸ்டேயில் பாஸ் சிறுமீன்களைத் தின்று தீர்த்தது. சிறுமீன்கள் ஒழிந்ததும் அவற்றுக்கு இரையாகிவந்த டாஃப்னியா என்னும் பெரிய நீர்த்தெள்ளுகள் பெருகின, அவை பாசியை மேய்ந்தன, பாசி குறைந்தது. ஏரியின் பசுமையைத் தண்ணீரில் கரைந்த சத்துகளோடு அங்கே யார் யாரைத் தின்கிறார் என்பதும் தீர்மானிக்கிறது என்று இதனால் தெளிவானது. 2008 முதல் பீட்டரில் பாஸ் மீன்களைச் சிறிது சிறிதாகச் சேர்த்தபோது, உணவுவலை முழுதாக மாறி முடிவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே அதன் அறிகுறிகள் அளவீடுகளில் தெரிந்தன. தொடர்ந்து அளந்துவந்ததால்தான் அது கண்ணில் பட்டது.

மாணவர் கையில் முதலில் வந்து சேரும் கருவி செக்கித் தட்டு. 20 சென்டிமீட்டர் விட்டம். கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கூறுகள். படகின் நிழல் விழும் பக்கத்தில், அளவு குறித்த கயிற்றில் கட்டி இறக்குவார்கள். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கையில் மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுத்தால், அன்றைய நீரின் தெளிவு கிடைத்துவிடும். மீன் என்ன தின்றது என்று அறிய அதைக் கொல்ல வேண்டியதில்லை. வாய்வழியே மெதுவாக நீரைச் செலுத்தினால் வயிற்றிலிருப்பது வெளியே வரும். அதைச் சேகரித்துக்கொண்டு மீனை ஏரியிலேயே விட்டுவிடலாம். பொறுமையைக் கேட்கும் வேலை இது. கொசு மொய்க்கும் கரையில் அதற்குப் பழகியாக வேண்டும்.

ஏரியைக் காட்டிலிருந்து பிரித்துப் படிக்க முடியாது என்பதையும் இதே ஏரிகள் காட்டின. கார்பன்-13 கலந்த உப்பைப் பீட்டரிலும் பாலிலும் இட்டு, ஏரிக்குள் உருவாகும் கரிமத்துக்கு அடையாளம் வைத்தார்கள். விலங்கு மிதவையுயிர்களின் உடலிலுள்ள கரிமத்தில் 22 முதல் 50 விழுக்காடு வரை கரையில் விளைந்து நீருக்குள் வந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காட்டின் இலையும் உருமாறி நீர்த்தெள்ளின் உடலிலும் மீனின் உடலிலும் சேர்கிறது.

அந்தக் காட்டில் சர்க்கரை மேப்பிள், ஹெம்லாக், பிர்ச் மரங்கள் வளர்கின்றன. மான்கள் பெருகிய இடங்களில் ஹெம்லாக் கன்றுகள் மேலெழுவதில்லை. மேப்பிளுக்கு வந்த கேடு சற்று விசித்திரமானது. பனிப்பாறை மூடியிருந்த இந்த வடநிலத்தில் அதன்பின் மண்புழுவே இல்லாதிருந்தது. ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்த மண்புழுக்கள், தூண்டில் இரையாகவும் ஏரிக்கரைகளில் கொட்டப்பட்டுப் பரவின. நம் வயல்களில் உழவனின் நண்பனான மண்புழு, அங்கே காட்டுத்தரையை மெத்தென்று மூடியிருக்கும் மக்கிலையைத் தின்று தீர்க்கிறது. அதில் வேர்விடும் மேப்பிள் கன்றுகளும் காட்டுப்பூச்செடிகளும் அருகுகின்றன.

மீன்பிடிப்போர் மிஞ்சிய புழுக்களைக் கரையில் விடாமல் குப்பைத்தொட்டியில் போட வேண்டும் என்று அப்பகுதியின் இயற்கைவளத் துறைகள் கேட்டுக்கொள்கின்றன. பரவிவிட்ட காட்டிலிருந்து அவற்றை அகற்ற நடைமுறைக்கு ஏற்ற வழி எதுவும் இல்லை.

(தொடரும்)